வலது காது

ஜூன் 3
வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. தலையணை பட்டாலே உயிர் போகிறது. மெல்லும்போதும் வலி. நேற்று வெறும் அரிப்பாகத்தானே இருந்தது!

ஜூன் 4
டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்க்கும் முன்பே மடலைப் பிடித்து இழுத்தார். கத்திவிட்டேன். "அப்போ வெளிக்காதுதான். நடுச்செவியில சீழ் கோத்திருந்தா, மடலை இழுத்ததுக்கு இப்படித் துள்ள மாட்டீங்கம்மா" என்றார்.

காதுக்குழாய் வீங்கி அடைத்துக் கிடக்கிறதாம். செவிப்பறை தெரியவே இல்லை. சொட்டு விட்டால் வாசலிலேயே நின்றுவிடும் என்று, ஒரு பஞ்சுத் திரியை இடுக்கியால் உள்ளே செருகினார். அந்த நொடியை எழுத விருப்பமில்லை. திரியின் மேல் சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்ஸாமெத்தசோனும் சேர்ந்த சொட்டு. முதலாவது கிருமிக்கு, இரண்டாவது வீக்கத்துக்கு. திரி மருந்தைக் குடித்து ஊதி, ஆழம் வரை கொண்டுபோகுமாம்.

மருந்துக்கடையில் 'காது வலிக்கு இதான்' என்று கொடுத்த சொட்டைக் காட்டினேன். நியோமைசின். வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். பறையில் ஓட்டை இருந்தால் அது உட்செவிக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுத்துவிடலாம், பறையைப் பார்க்காமல் விடக்கூடாது என்றார். மாத்திரை வேண்டாமா என்று கேட்டேன். காய்ச்சலோ, காதுக்கு வெளியே வீக்கமோ, சர்க்கரை நோயோ இருந்தால் கதை வேறு. இதற்குச் சொட்டே போதும்.

ஓட்டை இருக்குமோ?

ஜூன் 5
எல்லோரும் முக்குளிக்கப் படகேறிப் போய்விட்டார்கள். மூச்சுக்காற்று சிலிண்டர்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் இடது காதில் மட்டும் கேட்டது.

ஜூன் 6
வலி பாதியாகிவிட்டது. மூளை வேலை செய்கிறது. அதுதான் தொல்லை.

கடல் அழுக்கு என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒரே தண்ணீரில்தான் அத்தனை பேரும் இறங்கினோம். காதுக்குள் குரும்பி என்று ஒன்று இருக்கிறதே, நாம் அழுக்கு என்று தோண்டி எறிவது, அதுதான் அங்கே காவல். எண்ணெய்ப் பசையோடு தண்ணீரைத் தள்ளும். குழாயைச் சற்றே அமிலமாக வைத்திருக்கும். அமிலத்தில் கிருமி தழைக்காது. காலை முதல் இருட்டும் வரை முங்கி எழுந்தால் குரும்பி கரைகிறது, அமிலம் குறைகிறது, தோல் துணி துவைத்த விரல் நுனி போல ஊறிப்போகிறது. ஊறிய தோலில் ஒரு கீறல் போதும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதற்காகவே காத்திருக்கும் ஜென்மம். ஈரம் எங்கேயோ அங்கே அது. நல்ல தண்ணீரில் அலசினாலும் ஈரம் ஈரம்தான். ஆக, ஆபத்து எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு நேரம் காயாமல் இருந்தது என்பதில்தான் அதிகம்.

படகில் பட்ஸ் டப்பா ஒன்று எப்போதும் கைமாறிக்கொண்டே இருக்கும். அதை முதலில் கடாச வேண்டும்.

பறை. பறை. பறை.

ஜூன் 7
சொட்டு. படுக்கை. சொட்டு.

ஜூன் 8
திரியை எடுத்தாயிற்று. பறை முழுசாக இருக்கிறது! டாக்டர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

தண்ணீரில் இறங்க இன்னும் அனுமதி இல்லை. வலி போனால் மட்டும் போதாது, குழாய்த் தோல் பழையபடி ஆக வேண்டும். குளிக்கும்போது காது வாசலில் வாசலின் தடவிய பஞ்சு.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "காதுல அடைப்பான் வச்சுக்கிட்டு இறங்கட்டுமாண்ணா?" ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவுல காத்து மாட்டிக்கும். பத்து மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு. நீ மூக்கைப் பிடிச்சு உள்பக்கம் சமன் பண்ணுவே, வெளிப்பக்கம் யார் சமன் பண்றது? பறை வெளியே பிதுங்கும். காதை மூடுற இறுக்கமான ஹூட் போட்டாலே அந்தக் கதி வரும். வீட்ல கிட."

கிடக்கிறேன்.

ஜூன் 10
கூட முக்குளிக்கும் தோழிக்கும் காது. அடைப்பு, மந்தமாகக் கேட்கிறது, மடலை இழுத்தால் ஒன்றுமில்லை. சளியோடு இறங்கியிருக்கிறாள். என் சொட்டைக் கேட்டாள். தர மாட்டேன் என்றதில் கோபம். அவளுக்குக் கிருமியே இல்லை, அழுத்தத்தால் பட்ட அடி: தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய் திறக்காமல் பறை உள்ளே இழுபட்டிருக்கிறது. முழுசான பறையைத் தாண்டி என் சொட்டு எங்கே போகும்? மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதிப் பார்க்கிறாளாம். ஊதாதே, உட்செவியின் ஜன்னலில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் தலைசுற்றலும் இரைச்சலும் நிரந்தரமாகிவிடலாம் என்று கத்தினேன். இன்னும் பேசவில்லை.

ஜூன் 12
இனி இப்படி வராமல் இருக்க: 2% அசிட்டிக் அமிலமும் அலுமினியம் அசிடேட்டும் கலந்த சொட்டு. நாள்கணக்கில் ஈரக்காற்று அடைத்த அறையில் வாழும் அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பாளர்கள் இதைத்தான் விடுகிறார்கள். காலையும் இரவும், ஒவ்வொரு காதுக்கும் முழுதாக 5 நிமிஷம், கடிகாரம் பார்த்து. சூட்சுமம் அந்த 5 நிமிஷத்தில்தான். விட்டதும் தலையை உதறிவிட்டு எழுந்தால் தோல் அமிலமாவதற்குள் மருந்து சட்டையில் இருக்கும். பறை கிழிந்தவர்கள் தொடக்கூடாது. என்னுடையதைப் போல வீங்கி அடைத்துவிட்ட காதுக்கு இது மட்டும் போதாது.

இடது காதுக்கு மட்டும் இன்றே ஆரம்பித்தேன். ஒருக்களித்துப் படுத்தபடி 5 நிமிஷம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்.

ஜூன் 13
அவள் பேசினாள். டாக்டர் ஊதக் கூடாது என்றாராம். நான் சொன்னபோது ஏறவில்லை.

ஜூன் 15
வலது காதில் மறுபடி அரிப்பு. வலி இல்லை, இழுத்தாலும் இல்லை. வெறும் அரிப்பு, உள்ளே எட்டாத இடத்தில். மடல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இரண்டு ஒட்டியிருந்தன. கிருமியைக் கொல்லும் சொட்டு விட்ட காதில் சிலசமயம் பூஞ்சை தலையெடுக்குமாம். அப்படியானால் இந்தச் சொட்டு உதவாது. சுத்தம் செய்து வேறு மருந்து. இரவுச் சொட்டு விடலாமா, நிறுத்தலாமா? டாக்டர் போனை எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.