அந்தமானுக்குத் தெற்கே ஒரு மேகக்கூட்டம்

அந்தமானுக்குத் தெற்கே நாலு மேகம் திரண்டால் போதும், எங்கள் வானிலைக் குழுவில் பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கணினிக் கணிப்பு மாதிரி, பத்து நாள் கழித்துச் சென்னை அருகே புயல் என்று சிவப்புச் சுழல் வரைகிறது. ஐரோப்பியக் கணிப்பு மாதிரியோ வெறும் தாழ்வுப் பகுதி என்கிறது. "கடல் வெப்பம், புயல் உருவாகத் தேவையான 26.5 டிகிரியைத் தாண்டிவிட்டதே!" என்கிறார் ஓர் அண்ணன். நவம்பர் வங்கக்கடலில் அது என்ன அதிசயம், அண்ணா? மேலடுக்குக் காற்று மேகத்தின் தலையைச் சீவித் தள்ளுகிறதா என்று பாருங்கள்; தள்ளினால் புயல் வளராது.

2024 ஃபெங்கல் புயல் நினைவிருக்கிறதா? இலங்கைக் கரையோரம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. புயலாகாது என்று கணித்த மறுநாளே புயலானது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை.

இங்கே சுழற்சியே இன்னும் உருவாகவில்லை, அதற்குள் கரை கடக்கும் ஊருக்குப் பந்தயம் கட்டுகிறார்கள். நான் கடலூர் என்று சொல்லியிருக்கிறேன்.