வார்டில் கேட்கும் டோரிக்

அபர்தீன் நகர மருத்துவமனை ஒன்றின் முதியோர் வார்டில் செவிலியராக இருக்கிறேன். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் வடகிழக்கு வட்டார வழக்குக்கு டோரிக் என்று பெயர். அதை ஆங்கிலத்தின் கொச்சை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பழைய ஆங்கிலத்தின் நார்தம்பிரிய வழக்கில் கிளைத்துத் தனியாக வளர்ந்த மொழி ஸ்காட்ஸ். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் அரசவையும் நாடாளுமன்றமும் அதில்தான் எழுதின.

இங்கே கேள்விச் சொற்களே வேறு. ஆங்கிலத்தின் 'வாட்' இவர்களிடம் 'ஃபிட்'. 'ஹூ' என்பது 'ஃபா', 'வேர்' என்பது 'ஃபார்'. எங்கே வலிக்கிறது என்று கேட்க, 'ஃபார்ஸ் இட் சேர்?' என்றால் போதும். தெற்கே கிளாஸ்கோ போனால் இந்த 'ஃப' மறைந்துவிடும். 'நல்ல' என்ற பொருளுள்ள சொல் அங்கே 'கிட்', அபர்தீன் பக்கம் 'க்வீட்'. ஷெட்லாந்துத் தீவுகளில் உதட்டைக் குவித்து வேறோர் உயிரொலியோடு சொல்வார்கள். பொதுவாக ஜி, யூ, ஐ, டி என்று எழுதிவிட்டு, ஒவ்வோர் ஊரும் தன் வாய்க்கேற்பப் படித்துக்கொள்ளும். சிலர் காதில் விழுவதையே அப்படியே எழுதுவார்கள். 1947இல் எடின்பரோவில் கவிஞர்கள் கூடி எழுத்துமுறைக்குப் பொது விதிகள் வகுத்தார்கள். இலக்கியத்துக்கு அவை உதவின. ஆனால் என் வார்டில் ஒரே சொல்லைப் பல விதமாக எழுதிக் காட்டுகிறார்கள். அதில் எந்தக் குழப்பமும் எனக்குத் தெரியவில்லை. எழுதியவர் எந்தப் பக்கத்துக்காரர் என்பது அந்த எழுத்திலேயே இருக்கிறது.

எனக்குக் கவலை வேறிடத்தில். 'ட்வாம்' என்று ஒரு சொல் உண்டு. சிலர் நடுவில் எல் சேர்த்தும், சிலர் யூ சேர்த்தும் எழுதுவார்கள். பகற்கனவில் மூழ்கியிருப்பதற்கும் அதுதான், மயங்கி விழுவதற்கும் அதுதான். ஒரு முதியவர் 'ட்வாம் வந்தது' என்று சொன்னால், நினைவு தப்பியதா, தரையில் விழுந்தாரா, எவ்வளவு நேரம் என்று கேட்டாக வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறாகக்கூட இருக்கலாம். 'ஸ்டூன்' என்பது விட்டுவிட்டுத் தெறிக்கும் வலி. வெறும் 'வலி' என்று குறித்தால் அந்தத் தெறிப்பு பதிவேட்டுக்கு வராது. 'கிரீட்' என்றால் அழுவது. இரவெல்லாம் அழுதார் என்று உதவிப் பணியாளர் சொல்வதை, ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியும்.

மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது இந்தச் சொற்கள் காணாமல் போய்விடுகின்றன. 'ஒழுங்காகப் பேசு' என்று பள்ளியில் திருத்தப்பட்ட தலைமுறை இது. மருத்துவரைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறி, பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன் என்று முடித்துக்கொள்கிறார்கள். அதே பாட்டி, படுக்கை விரிப்பு மாற்ற வரும் பெண்ணிடம் இடுப்பு வலியின் முழுக் கதையையும் டோரிக்கில் சொல்லிவிடுவார். அந்தப் பெண்கள் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். பணி மாறும் நேரத்தில் அவர்கள் சொல்வதைக் கடைசியில் அவசரமாகக் கேட்பது எந்த வார்டுக்கும் நல்லதல்ல. நான் முதலில் அவர்களைத்தான் கேட்கிறேன்.

பதிவேட்டில் நோயாளி சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில விளக்கம் சேர்க்கிறேன். எழுத்துக்கூட்டல் சரியா என்று சிலர் கேட்பதுண்டு. இணையத்திலுள்ள ஸ்காட்ஸ் அகராதியைத் திறந்து காட்டுவேன். 2004இல் இரண்டு பேரகராதிகளை இணைத்து உருவாக்கியது அது. ஒரே சொல்லுக்கான பல எழுத்துவடிவங்களை அடுத்தடுத்துத் தருகிறது, எந்தப் பகுதியில் வழங்கியது என்பதோடு.

2025இல் ஸ்காட்டிஷ் மொழிகள் சட்டம் ஸ்காட்ஸுக்கு அதிகாரபூர்வத் தகுதி தந்தது. நோயாளியை வார்டில் சேர்க்கும்போது நிரப்பும் எங்கள் படிவத்தில் மொழி பற்றிய கேள்விக்கு இன்னும் எல்லோருக்கும் ஆங்கிலம் என்றே நிரப்புகிறார்கள். அதை மாற்றும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு நாடுகளிலிருந்து புதிதாகச் சேரும் செவிலியர்களை முதல் வாரத்தில் இந்த ஊர் உதவிப் பணியாளர்களோடு சேர்ந்து வேலை செய்ய விடுங்கள் என்றும் அதிலேயே கேட்டிருக்கிறேன்.