இடப்பக்கம் மாணவருடையது

6ஆம் கிரேடு முடித்துக் காலேஜுக்கு, அதாவது இடைநிலைப் பள்ளிக்கு, வரும் மொரிஷியஸ் பிள்ளையின் ஆங்கில நோட்டைப் புரட்டினால், பலகையில் எழுதியது அத்தனையும் அழகான கையெழுத்தில் இருக்கும். பிள்ளை தானே யோசித்து எழுதிய வரியைத் தேடினால் கிடைப்பது அரிது. வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைக்குப் பார்த்து எழுதுவது எளிது, சொந்தமாக எழுதுவது பயம். 2017இல் தொடங்கிய ஒன்பதாண்டுக் கல்வித் திட்டத்தில், 9ஆம் கிரேடு முடிவில் என்.சி.இ. எனப்படும் தேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. அந்தப் பயத்தைப் போக்க இருப்பது இடையிலுள்ள மூன்று ஆண்டுகள்தாம். அந்த மூன்றாண்டுக்கும் பொருத்தமான கருவி, இன்டராக்டிவ் நோட்புக் எனப்படும் குறிப்பேடு.

முறை எளிது. நோட்டை விரித்தால் வலப்பக்கத்தில் ஆசிரியர் தருவது: இலக்கணக் குறிப்பு, கவிதை, பத்தி, சொற்பட்டியல். இடப்பக்கத்தில், அதை வைத்து மாணவர் செய்தது. இரண்டும் எதிரெதிரே ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கத்தரி, பசை, வண்ணத்தாள், மடிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறிய வகுப்புகளில் ஆண்டு முடிவில் பருத்த நோட்டு மிஞ்சும், ஆங்கிலம் அப்படியே நிற்கும்.

நோட்டை வாங்குவதிலிருந்தே கவனம் வேண்டும். A4 அளவு, கெட்டி அட்டை, நூலால் தைத்தது, 200 பக்கம். கம்பிச்சுருள் நோட்டு வேண்டாம். அடுக்கி வைத்தால் சுருள்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பையில் நசுங்கும், ஒட்டிய தாள் கனத்ததும் ஓட்டைகள் கிழிந்து பக்கம் கழன்றுவிடும். 35 வாரப் பாடம், வாரத்துக்கு இரண்டு விரிபக்கம் என்று கணக்கிட்டால் 70 விரிபக்கம், அதாவது 140 பக்கம். முன்பக்கங்களும் பின்பகுதியும் போக, மாற்றி எழுத இடமும் மிஞ்சும். வாரத்துக்கு மூன்று என்று ஆசைப்பட்டால் 210 பக்கம் வேண்டும், ஒரே நோட்டில் அடங்காது. ஆண்டின் நடுவே இரண்டாம் நோட்டுக்குப் போனால் முதல் நோட்டு வீட்டிலேயே தங்கிவிடும். திரும்பிப் பார்க்க முடியாத நோட்டால் பயன் பாதிதான்.

முதல் வகுப்பு முழுவதும் பக்க எண் போடுவதற்கே. முதல் தாளின் முன்புறம் 1. அப்படிச் செய்தால் வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை, இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை. இது தற்செயலான வசதி இல்லை, முறையின் முதுகெலும்பே இதுதான். ‘37ஐ எடுங்கள்’ என்றால் அது பாடக்குறிப்பு, ‘36’ என்றால் அதற்குப் பிள்ளை செய்த வேலை. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு எண்ணைத் தொடர்வது எல்லா வகுப்பிலும் நடக்கும். ஆகவே 20, 40, 60 என்று ஒவ்வொரு இருபதிலும் நிறுத்தி, நோட்டைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். விட்டுப்போன இரு பக்கத்துக்கும் 43அ, 43ஆ என்று போட்டுவிட்டு மேலே போகலாம், அடித்துத் திருத்தப் போனால் வகுப்பே நின்றுவிடும். எண் முழுவதையும் வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் மறுநாள் முப்பது நோட்டில் முப்பது கணக்கு இருக்கும்.

பக்கம் 1 பெயருக்கும் தலைப்புக்கும். 2 முதல் 5 வரை பொருளடக்கம்: தேதி, தலைப்பு, பக்கம் என மூன்று பத்தி. ஒரு பக்கத்துக்கு 25 வரி என்றால் 70 விரிபக்கத்துக்கு மூன்று பக்கம் போதும், நான்காவது உபரி. பாடம் 6, 7ஆம் பக்கங்களில் தொடங்கும். மதிப்பெண் அளவுகோலை முன்னட்டையின் உட்புறம் ஒட்டவும். நோட்டின் கடைசி இருபது பக்கம் தனி: பத்து சொற்களுக்கு, பத்து பிழைப்பட்டியலுக்கு. பின்னட்டையின் உட்புறம் மூன்று ஓரமும் ஒட்டிய அட்டைப்பை, முடியாத துண்டுத்தாள்களுக்கு. முடிந்த பக்கத்தின் கீழ்மூலையைச் சிறிது வெட்டிவிடும் பழக்கம் நல்லது. விரலை வைத்ததும் அன்றைய பக்கம் திறக்கும், பாடவேளையில் ஓரிரு நிமிடம் மிச்சமாகும்.

இனி ஒட்டும் வேலை. A4 தாள் A4 நோட்டில் அப்படியே அடங்காது, ஓரம் வெளியே நீட்டிக் கிழியும். போட்டோகாப்பியில் 85 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் சரியாக உட்காரும். சின்னக் குறிப்பானால் 71 விழுக்காட்டில் ஒரே தாளில் இரண்டு பதியலாம், 30 பேருக்கு 15 தாள் போதும். தாள்களைக் காகித வெட்டியில் அடுக்காக முன்கூட்டியே வெட்டி வைத்துவிட வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் பிள்ளைகளைக் கத்தரிக்க விட்டால் பதினைந்து நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் தாராளம்.

பசை ஊரைப் பார்த்து. கியூர்பீப், வாக்வா போன்ற மேட்டுநிலத்து ஊர்களில், அதிலும் ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில், வெள்ளைத் திரவப்பசை காய நேரம் பிடிக்கும். அதற்குள் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தோடு உரியும். அங்கே குச்சிப்பசைதான் சரி. திரவப்பசைதான் கைவசம் என்றால் நான்கு மூலையிலும் நடுவிலும் மிளகளவு பொட்டு. கோடாக இழுத்தால் தாள் சுருங்கி அலையடிக்கும். போர்ட் லூயிஸ் பக்கத்தில் ஜனவரி வெயிலுக்குக் குச்சிப்பசை இளகி மூடியில் ஒட்டும், மூடி சரியாகப் போடாதது கல்லாகும். நான்கு பேருக்கு ஒரு குச்சி என்று மேசைக்கு வைத்து, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினால் ஒரு தவணை ஓடும். ஸ்டேப்ளர் முள் வேண்டவே வேண்டாம். நம் ஈரக்காற்றில் துருப்பிடித்து இரண்டு பக்கத்துக்கும் கறை ஏறும்.

ஒட்டுவதற்கு ஓர் உச்சவரம்பும் தேவை. 80 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஒரு மடிப்பு ஒட்டினால் 0.2, பசையோடு இன்னும் கொஞ்சம். 70 விரிபக்கத்திலும் ஒட்டினால் 14 மில்லிமீட்டருக்கு மேல் கூடி, 100 தாள் உள்ள நோட்டு இரண்டு மடங்குக்கு மேல் பருத்து முதுகு பிளக்கும். ஆண்டுக்கு இருபத்தைந்து ஒட்டுத்தாள் என்பது நல்ல அளவு. அதையும் ஒரே இடத்தில் ஒட்டாமல் மேலும் நடுவும் கீழுமாக மாற்றி ஒட்டினால் நோட்டு சீராக மூடும். மடிப்புத்தாள் எங்கே வேண்டும் என்பதற்கு ஒரே கேள்வி: மறைத்து வைப்பதால் பயன் உண்டா? சொல் மேலே, பொருள் உள்ளே என்றால் உண்டு. பிள்ளை சொல்லிப் பார்த்துவிட்டுத் திறந்து சரிபார்க்கலாம். கதையின் போக்கைக் காட்டும் கோட்டுப்படத்துக்கு மூடி எதற்கு? நேரே வரைந்தால் போதும். மடிப்பில் வழக்கமாகக் கெடுவது, வெட்டும் கோட்டை மடிப்பையும் தாண்டி வெட்டிவிடுவது. வெட்டும் இடத்துக்கு முழுக்கோடு, மடிக்கும் இடத்துக்குப் புள்ளிக்கோடு, பசை பூசும் பாகத்துக்குச் சாம்பல் நிறம் என்று அச்சிலேயே பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இடப்பக்கத்துக்கு வருவோம். ஆசிரியரின் தயாரிப்பு நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போக வேண்டும். ‘படம் வரை, வண்ணம் தீட்டு’ என்பது இடப்பக்க வேலை ஆகாது. வலப்பக்கத்தைப் படிக்காமல் செய்ய முடிகிற எந்த வேலையும் ஆகாது.

காலங்களைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கத்தில் ஆங்கில வினையின் நான்கு வடிவங்கள். இடப்பக்கத்தில் பிள்ளை நான்கு வரியில் தன் வீட்டுமொழியை எழுதட்டும்: மோ டி மான்ஸே, மோ பே மான்ஸே, மோ ஃபின் மான்ஸே, மோ பூ மான்ஸே (சாப்பிட்டேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன், சாப்பிடுவேன்). கிரியோலில் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப வினை மாறுவதில்லை, முன்னால் வரும் சிறுசொல்தான் காலத்தைச் சொல்கிறது. எதிரே ஆங்கிலத்தை எழுதி, எங்கே வினையே உருமாறுகிறது என்று வட்டமிடச் சொன்னால், ‘ஹி ஈட்’ என்று எழுதி எஸ் விட்டுப்போவதன் காரணம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். ‘ஃபின்’னை ‘ஹேவ்’ என்று நினைத்து ‘யெஸ்டர்டே ஐ ஹேவ் கான்’ என்று எழுதுவதும் அப்போது பிடிபடும். பன்மைக்கு ‘பான்’ முன்னால் வருவதால் பெயர்ச்சொல்லின் எஸ் விட்டுப்போகிறது. ‘லி’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால் ஹி, ஷி குழம்புகிறது. இவை சோம்பலால் வரும் பிழைகள் அல்ல, பிள்ளையின் மொழி ஒழுங்காக வேலை செய்வதால் வருபவை. அப்படிச் சொல்லித் திருத்தினால் பிள்ளை கூசாது. தமிழும் எடுத்திருக்கும் பிள்ளைகள் வந்தேன், வந்தாய், வந்தான் என்று மூன்றாம் வரிசை சேர்க்கலாம். ஆளுக்கு ஆள் வினை மாறும் மொழி ஒன்று ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தின் ஒற்றை எஸ் பெரிய சுமையாகத் தெரியாது.

பிரெஞ்சும் இங்கே நுழையும், ஒலி ஒத்த பிரெஞ்சுச் சொல்லின் பொருளை ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்றிவிடுவார்கள். லைப்ரரி என்றதும் புத்தகக்கடையை நினைப்பது, ‘ஆக்சுவலி’ என்பதற்கு ‘இப்போது’ என்று பொருள்கொள்வது, தேர்வு எழுதியதையே ‘பாஸ்’ என்று சொல்லிவிடுவது. பின்பகுதிச் சொற்பக்கத்தில் இத்தகைய இணைகளுக்குத் தனி இடம் ஒதுக்கி, கண்ணில் படும்போதெல்லாம் பிள்ளையே சேர்க்கட்டும்.

சொற்களுக்கு நான்கு கட்டம் நல்ல வடிவம். 1969இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாரதி ஃப்ரேயரும் உடன் ஆய்வாளர்களும் வகுத்தது. பக்கத்தை நான்காகப் பிரித்து, நடுவில் சொல். கட்டங்களில் பொருள், தன்மைகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது. நான்காவது கட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லுக்கு, அரைமனதாகச் செய்வதும் முற்றிலும் மறுப்பதும் வேறு என்று பிள்ளை அங்கே எழுதினால் சொல் பிடிபட்டது என்று நம்பலாம். வாரம் இரண்டு சொல்லுக்கு மேல் இந்த வடிவில் வேண்டாம், ஒரு சொல்லுக்கே பத்து நிமிடம் ஆகும்.

கதை, கவிதை வகுப்பில் இடப்பக்கம் சுருக்கமாக இருக்கலாம்: நான்கு வரியை வேறொரு பாத்திரம் சொல்வதுபோல் மாற்றி எழுதுதல், அல்லது பதில் பத்தியிலேயே நேரடியாக இல்லாத ஒரு கேள்வியைத் தயாரித்துப் பக்கத்துப் பிள்ளையிடம் பதில் வாங்குதல். எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி நிச்சயம் வரும். முதல் தவணையில் யோசனைக் குறிப்பு கிரியோலிலும் இருக்கட்டும், முடிவு வாக்கியம் ஆங்கிலத்தில். இரண்டாம் தவணையிலிருந்து ஒப்பீட்டு அட்டவணை தவிர மற்றது ஆங்கிலம். முதல் நாளே ஆங்கிலம் மட்டும் என்றால் இடப்பக்கமும் பார்த்தெழுதியதாகவே ஆகிவிடும்.

இங்கே இன்னொரு சிக்கல், மாலை லெசன். தனிவகுப்பில் கொடுத்த ஆயத்தப் பதில் அப்படியே இடப்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே இடப்பக்கத்தின் முதல் வரைவு வகுப்பிலேயே, பாடவேளையின் கடைசி பத்து நிமிடத்தில் எழுதப்பட வேண்டும். வீட்டில் மெருகேற்றலாம்.

பிழைப்பட்டியல் மூன்று பத்தி: நான் எழுதியது, திருத்தியது, காரணம். காரணப் பத்தி காலியாக இருந்தால் மற்ற இரண்டுக்கும் பயனில்லை. வாரத்துக்கு மூன்று வரி போதும்.

திருத்துவதற்கு நோட்டுகளை வீட்டுக்குச் சுமப்பது நடக்காத காரியம். ஒரு நோட்டு அரைக் கிலோ என்றாலும் 30 நோட்டு 15 கிலோ. பிள்ளைகள் எழுதும் நேரத்தில் நாளைக்கு ஆறு நோட்டு என்று மேசை மேசையாகப் போய்ப் பார்த்தால் ஐந்து நாளில் வகுப்பு முடியும். ஒரு விரிபக்கத்தை மட்டும் ஊன்றிப் படித்து, ஒரு கேள்வியை எழுதிவிட்டு வரலாம், அதற்குப் பதில் எழுதுவது பிள்ளையின் அடுத்த வேலை. மதிப்பெண் பத்து: இடப்பக்க யோசனைக்கு ஐந்து, வலப்பக்கம் முழுமையாக இருப்பதற்கு மூன்று, எண்ணுக்கும் பொருளடக்கத்துக்கும் இரண்டு. வண்ணத்துக்கு மதிப்பெண் கூடாது. ஒரு மதிப்பெண் வைத்தாலும் போதும், கைவேலை தெரிந்த பிள்ளைகள் அலங்காரத்தில் இறங்கிவிடுவார்கள், தெரியாத பிள்ளைகள் நோட்டையே வெறுப்பார்கள்.

வராதவர்களுக்காக ஆசிரியரிடம் அதே நோட்டில் ஒரு மாதிரிப் பிரதி இருக்க வேண்டும். அதில் வலப்பக்கம் மட்டும் நிரம்பியிருக்கட்டும், இடப்பக்கம் நிரப்பினால் அதையும் பார்த்து எழுதிவிடுவார்கள். புயல் எச்சரிக்கை, கனமழை எச்சரிக்கை என்று பள்ளி மூடும் மாதங்களில் வகுப்பு முழுவதும் பின்தங்கும். அப்போது ‘பிறகு நிரப்பலாம்’ என்று பக்கங்களை வெறுமையாக விடக் கூடாது. விட்ட பக்கம் ஆண்டு முடிவிலும் வெறுமையாகத்தான் இருக்கும். விட்ட பாடத்தை அடுத்த எண்ணிலேயே தொடர்ந்து, பொருளடக்கத்தில் தேதியை மட்டும் சரியாகப் போட்டால் போதும்.

9ஆம் கிரேடின் கடைசித் தவணையில் புதிய விரிபக்கங்களைக் குறைத்துப் பழையவற்றுக்குத் திரும்பலாம். வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடி, இடப்பக்கத்தை மட்டும் பார்த்து அந்தப் பாடத்தின் விதியை எழுதச் சொன்னால், எந்த இடப்பக்கம் உண்மையில் யோசித்து எழுதியது என்பது பிள்ளைக்கே விளங்கும். எழுத வராத பக்கங்களின் எண்ணைப் பொருளடக்கத்தில் சிவப்பால் குறித்துக்கொண்டால் தேர்வுக்கான திருப்புதல் பட்டியல் அங்கேயே தயார். 7இலிருந்து 8க்கும், 8இலிருந்து 9க்கும் போகும்போது பிழைப்பட்டியலில் இன்னும் தீராத வரிகளை மட்டும் புது நோட்டின் பின்பகுதியில் பெயர்த்தெழுத வேண்டும். தீர்ந்ததற்குப் பழைய நோட்டிலேயே கோடிட்டுவிடலாம். அந்தப் பட்டியலைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே புது ஆசிரியரிடம் காட்டச் சொல்லிவிட்டால், அவர் எந்தப் பாடத்தில் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.