படுத்தே ஓடும் இன்ஜின்: சுபாருவின் வரமும் வம்பும்

"இன்ஜின் படுத்துருச்சு" என்று யாராவது சொன்னால் வண்டிக்குப் பெரிய செலவு வந்துவிட்டது என்று அர்த்தம். சுபாருவில் மட்டும் இன்ஜின் பிறவியிலேயே படுத்துத்தான் இருக்கிறது. நான்கு சிலிண்டரில் இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். எதிரெதிராக இருக்கும் பிஸ்டன்கள் ஒன்றாக வெளியே போய் ஒன்றாக உள்ளே வரும். குத்துச்சண்டைக்காரர்கள் கையுறையை முட்டிக்கொள்வது போல இருப்பதால் பாக்ஸர் என்று பெயர்.

சுபாரு என்றதும் எல்லோரும் ஆல் வீல் டிரைவில் பேச்சைத் தொடங்குவார்கள். தொடங்க வேண்டிய இடம் இந்தப் படுத்த இன்ஜின்தான். நான்கு சக்கர ஓட்டம் அதன் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் புலம்புகிற விஷயங்களில் பாதியும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

கம்பெனியின் பூர்வீகம் விமானம். 1917-இல் சிக்குஹெய் நகஜிமா என்ற முன்னாள் கடற்படைப் பொறியாளர் ஜப்பானின் குன்மா பகுதியில், ஓட்டா ஊரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலை அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும் விமானம் கட்டத் தடை வந்தது. பிழைப்புக்கு ராபிட் என்ற ஸ்கூட்டர் செய்தார்கள். பிறகு அந்த நிறுவனத்தைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். உடைந்தவற்றில் ஐந்து 1953-இல் மறுபடி கைகோத்து ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. காருக்கு சுபாரு என்று பெயர் வைத்தவர் அதன் முதல் தலைவர் கென்ஜி கீட்டா. சுபாரு என்றால் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். பழந்தமிழில் அதற்கு அறுமீன் என்று பெயர். ஜப்பானியர்களும் அதை முட்சுராபோஷி, அதாவது ஆறு விண்மீன் என்று சொன்னதுண்டு. லோகோவில் பெரிதாக ஒன்று, சிறிதாக ஐந்து. ஐந்து கம்பெனி சேர்ந்து ஒன்றான கணக்கு. 2017-இல்தான் கம்பெனியின் பெயரையே சுபாரு என்று மாற்றினார்கள்.

"விமான இன்ஜினிலிருந்து வந்ததுதான் பாக்ஸர்" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். நகஜிமாவின் புகழ்பெற்ற சகாயே இன்ஜின் 14 சிலிண்டர் ரேடியல்; வட்டமாக விரிந்த பூ மாதிரி இருக்கும், படுத்த இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விமானத்திலிருந்து வந்தவர்கள் மனிதர்கள். முக்கியமானவர் ஷின்ரோகு மொமோசே. ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பார்க்கும் விமானக்காரரின் பழக்கத்தோடு அவர் செய்து விற்பனைக்கு வந்த முதல் கார் 1958-இன் சுபாரு 360. பின்பக்கம் காற்றால் குளிரும் 356 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், எடை 400 கிலோவைத் தொடாது. ஜப்பானியர்கள் செல்லமாகப் பொறிவண்டு என்றார்கள்.

திருப்பம் 1966-இல் வந்த சுபாரு 1000. 977 சிசி, தண்ணீரால் குளிரும் பாக்ஸர், முன்சக்கர ஓட்டம். இன்ஜினை முன் அச்சுக்கு முன்னால் நீளவாக்கில் வைத்தார்கள். அதன் முதுகில் கியர்பாக்ஸ். முன் டிஃபரன்ஷியல், அதாவது இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்த் தொகுதி, கியர்பாக்ஸின் வயிற்றுக்குள்ளேயே. வண்டியின் நட்டநடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் இடது, வலது ஆக்ஸில் ஷாஃப்ட் இரண்டும் ஒரே நீளம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது குறைவு.

இப்போது கியர்பாக்ஸின் பின்முனையைப் பாருங்கள். அது நேராகப் பின் அச்சைப் பார்த்து நிற்கிறது. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட்டை நீட்டி, பின்னால் ஒரு டிஃபரன்ஷியலை மாட்டினால் போதும், நான்கு சக்கரமும் சுழலும். இன்ஜினைக் குறுக்காக வைக்கிற மற்ற முன்சக்கரக் கார்களில் சக்தியை 90 டிகிரி திருப்ப பெவல் கியர்ப் பெட்டி ஒன்று தனியாக வேண்டும். எடை, உராய்வு, சூடு, இன்னொரு ஆயில். சுபாருவில் அந்த வேலையே இல்லை.

இதை முதலில் கண்டுகொண்டது தலைமை அலுவலகம் இல்லை என்பதுதான் வேடிக்கை. வடகிழக்கு ஜப்பானில் மின்கம்பிகளைப் பராமரிக்கும் தோஹோகு மின்சார நிறுவனத்து ஆட்கள் பனிக்காலத்தில் ஜீப்பில் போய் வந்தார்கள். குளிரும் குலுக்கலும் தாங்கவில்லை. பனியில் போகிற, ஆனால் உட்கார்ந்தால் கார் போலவே இருக்கிற வண்டி வேண்டும் என்று கேட்டார்கள். மியாகி பகுதி சுபாரு டீலர் எஃப்எஃப்-1 என்ற சுபாரு வேன் ஒன்றை எடுத்து, நிஸ்ஸான் புளூபேர்டின் பின் டிஃபரன்ஷியலைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1971 டோக்கியோ மோட்டார் ஷோவில் ஃபுஜி ஹெவி அதைக் காட்சிக்கு வைத்தது. 1972-இல் லியோன் என்ற மாடலின் 4டபிள்யூடி (நான்கு சக்கர ஓட்டம்) எஸ்டேட் வேன் விற்பனைக்கு வந்தது.

அன்றைய லியோனில் பின்சக்கரங்களை லீவர் போட்டுச் சேர்க்க வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. இதில் ஒரு சிக்கல். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் யாராவது ஒருவர் வழுக்கியாக வேண்டும். பனியில், சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் வழுக்காது. வண்டி பிரேக் பிடித்தது போல முரண்டு பிடிக்கும், உள்ளே கியர்கள் முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கத்தை எப்படி அவிழ்ப்பது என்பதுதான் அடுத்த 40 ஆண்டு சுபாரு பொறியியல் என்று சொன்னால் மிகையில்லை.

மேனுவல் கியர் வண்டிகளில் நடுவே பெவல் டிஃபரன்ஷியலும், அதோடு முன்பின் வேக வித்தியாசம் கூடினால் இறுகுகிற, சிலிக்கோன் திரவம் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங்கும் வைத்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் 50:50. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் நடு டிஃபரன்ஷியல் இல்லை. பல தட்டுக் கிளட்ச் ஒன்றைக் கம்ப்யூட்டர் அழுத்தியும் தளர்த்தியும் பின்பக்கத்துக்கு வேண்டிய அளவு சக்தி அனுப்பும். வேகமான ஆட்டோமேட்டிக் மாடல்கள் சிலவற்றில் பிளானட்டரி கியர், பின்பக்கத்துக்குச் சற்று அதிகமாக 45:55. டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ என்ற வேக மாடலில் நடு டிஃபரன்ஷியலின் இறுக்கத்தை ஓட்டுநரே ஒரு சிறு உருளைப் பொத்தானை உருட்டி மாற்றலாம். எல்லா சுபாருவும் ஒரே ஆல் வீல் டிரைவ் என்று விளம்பரம் பார்த்து நம்பிப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பார்க்கப் போனால், காய்ந்த, சமமான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கிற வேகத்தில் இரண்டு மூன்று வட்டம் போடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. வண்டி தானாக உருள வேண்டும். தடுக்கித் தடுக்கி, டயர் குதிப்பது போலப் போனால் அந்தக் கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1990-களின் நான்கு வேக ஆட்டோமேட்டிக்கில் பானெட்டுக்கு அடியில் எஃப்டபிள்யூடி (முன்சக்கர ஓட்டம்) என்று குறித்த காலி ஃபியூஸ் இடம் இருக்கும். அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் கிளட்ச் முழுக்கத் தளரும்; டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஃபியூஸ் போட்டதும் தடுக்கல் போய்விட்டால் கிளட்ச் இன்னும் சொன்னபடி கேட்கிறது என்று பொருள். டயரையும் சென்சாரையும் பார்க்கலாம். போட்டும் தடுக்குகிறதா? அந்தக் கிளட்ச்சின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் டியூட்டி சி என்கிற சொலினாய்ட் (மின்வால்வு) பழுது, அல்லது கிளட்ச் டிரம்மில் தட்டுகள் பள்ளம் வெட்டியிருக்கின்றன. பின்பகுதியைக் கழற்றாமல் தீராது. மேனுவல் வண்டியில் ஃபியூஸ் வித்தை கிடையாது. 20 நிமிடம் ஓட்டிய பிறகு மட்டும் தடுக்கினால் விஸ்கஸ் கப்ளிங் இறுகிவிட்டது.

பெரும்பாலும் குற்றவாளி டயர்தான். ஒரு டயர் வெடித்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது மற்ற கார்களில் சாதாரணம். இதில் கூடாது. நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் 6.4 மில்லிமீட்டருக்குள், அதாவது கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் விதி. 6.4-ஐ 6.28-ஆல் வகுத்தால் ஆரத்தில் சுமார் 1 மில்லிமீட்டர். ரப்பர் தேய்மானம் அதற்கு மேல் வித்தியாசப்பட்டால், நேர் சாலையில் போகும்போதுகூட முன்னும் பின்னும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே போகும். டேப்பை டயரின் நடுக்கோட்டில் சுற்றி அளந்தால் ஐந்து நிமிட வேலை. வண்டி நின்றுபோய் இழுக்க நேர்ந்தால் நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே, லாரித் தட்டில். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்தால் ஒரே பயணத்தில் கிளட்ச் கருகும்.

அமெரிக்காவில் இந்த பிராண்ட் காலூன்றிய கதை தனி. மால்கம் பிரிக்ளின் 1968-இல் சுபாரு 360-ஐ இறக்குமதி செய்தார். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் 1969-இல் அதை ஏற்க முடியாத வண்டி என்று எழுதித் தள்ளியது. காப்பாற்றியது லியோன். பனி பொழியும் மாநிலங்களில் மெதுவாகப் பரவியது. லாரிகளுக்கான 25 சதவீத வரியைத் தவிர்க்க, பிராட் என்ற சிறு பிக்கப்பின் திறந்த தட்டில் பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, "இது பயணிகள் வண்டி" என்று சாதித்தார்கள். 1990-களில் விற்பனை சரிந்தபோது யார் வாங்குகிறார்கள் என்று ஆராய்ந்து, ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், மலையேறுபவர்கள், லெஸ்பியன் பெண்கள் என்று கண்டார்கள். கடைசிக் கூட்டத்தை மற்ற கம்பெனிகள் கண்டுகொள்ளாமல் நடித்த காலத்தில் இவர்கள் நேராகவே அவர்களுக்கு விளம்பரம் செய்தார்கள். அந்த விசுவாசம் இன்னும் வேலை செய்கிறது.

வேகப் பிரியர்களுக்கு இன்னொரு வாசல். 1989-இல் புதிய லெகசி, அரிசோனா சோதனைத் தளத்தில் 1,00,000 கிலோமீட்டரை 447 மணி 44 நிமிடத்தில் முடித்தது. சராசரி வேகம் மணிக்கு 223.345 கி.மீ. பிறகு இம்ப்ரெஸா, நீல உடல், தங்க நிற வீல். உலக ரேலியில் 1995-இல் காலின் மெக்ரே, 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் சோல்பெர்க்; தயாரிப்பாளர் பட்டம் 1995 முதல் 1997 வரை தொடர்ந்து. அந்த 'டுகுடுகு' உறுமலும் பாக்ஸரின் பிறவிக் குணம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இடது, வலது எக்ஸாஸ்ட் குழாய்கள் நீளத்தில் வேறுபடுவதால் புகைத் துடிப்புகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து சேர்கின்றன. அந்தத் தாளப்பிசகைத்தான் ரசிக்கிறோம். சம நீளக் குழாய் போட்டால் சத்தம் சாதுவாகிவிடும்.

இனி வம்பு. ஈஜே என்ற பாக்ஸர் வரிசையில் 2.5 லிட்டர் இன்ஜினின் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. 2 லிட்டரில் சிலிண்டர் துளை 92 மி.மீ. 2.5-க்கு அதை 99.5 ஆக்கினார்கள், ஆனால் சிலிண்டர் மையங்களுக்கு இடையிலான தூரம் அதே 113 தான். ஆக, இரண்டு துளைகளுக்கு நடுவே 21 மி.மீ. இருந்த இடம் 13.5 ஆகிவிட்டது. போதாததற்கு இன்ஜின் படுத்திருப்பதால் ஆயிலும் கூலன்ட்டும் கேஸ்கெட்டின் கீழ் விளிம்பில் எந்நேரமும் தேங்கி நிற்கும்.

1996–99 இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வகையில் கசிவு உள்ளுக்குள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கும். நகருக்குள் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் மெல்ல ஏறும், ஹீட்டர் திடீரென்று குளிர்காற்று விடும், ரிசர்வ் டேங்கில் குமிழி வரும், சுவரில் கறுப்புப் பிசுக்கு படியும். அடுத்து வந்த ஒற்றைக் கேம் வகையில் கசிவு வெளியே. டார்ச்சோடு கீழே படுத்து, இடது ஹெட்டும் பிளாக்கும் சேரும் அடிவிளிம்பின் பின்மூலையைப் பாருங்கள். ஈரமும் அழுக்கும் கோடு போட்டிருந்தால் அதுதான். இந்த வகை சட்டென்று கவிழ்க்காது. ஆயில், கூலன்ட் அளவைக் கவனித்தபடி திட்டமிட்டுச் செய்யலாம். செய்யும்போது பழைய ஒற்றை அடுக்கு கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது காசைக் கரியாக்குவது. டர்போ இன்ஜினுக்கு வருகிற பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டைக் கேளுங்கள், இரண்டு ஹெட்டையும் மெஷினில் மட்டம் சீவச் சொல்லுங்கள். முடிந்ததும் கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ரேடியேட்டர் மேல்மூலையில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சூடானதும் திறந்து கூலன்ட்டை ஓட விடும் தெர்மோஸ்டாட் கீழே பம்பின் உள்வாயில் இருப்பதால், காற்று சிக்கினால் சூடான நீர் அதைத் தொடாமலே இன்ஜின் கொதித்துவிடும். "கேஸ்கெட் மாற்றியும் கொதிக்குது" என்கிற புகார்களில் பல வெறும் காற்றுதான்.

ஈஜே-யில் கிராங்க்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். சந்தையைப் பொறுத்து 1,00,000 முதல் 1,68,000 கி.மீ. வரை கெடு. 2.5 லிட்டரில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட்டைவிட முதலில் சாவது உருளைகள், குறிப்பாகப் பல்லுள்ள ஐட்லர். ஆகவே டென்ஷனர், ஐட்லர்கள், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில். கிராங்க் பற்சக்கரத்தில் கண்ணில் பளிச்சென்று படும் அம்புக்குறியை வைத்து நேராக்குவதுதான் புதியவர்கள் செய்கிற தவறு. பின்புறம் உள்ள சிறு கோட்டைத்தான் ஆயில் பம்பின் குறியோடு சேர்க்க வேண்டும். 2010-க்குப் பிறகு வந்த எஃப்பி இன்ஜின்களில் செயின். இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தொடக்க கால எஃப்பி ஆயில் குடிக்கும், டிப்ஸ்டிக்கை மறக்கக் கூடாது.

கடைசியாக, அவசரக் கடைகளில் நடக்கிற கூத்து. ஈஜே ஆட்டோமேட்டிக்கின் அடியில் இன்ஜின் ஆயில் பிளக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் (ஏடிஎஃப்) பிளக்கும் ஒரே 17 மி.மீ. ஸ்பானருக்கு வரும். முன் டிஃபரன்ஷியலுக்கும் தனி ஆயில், தனி டிப்ஸ்டிக். தவறான பிளக்கைத் திறந்து ஏடிஎஃப்-ஐ வடித்துவிட்டு, மேலே இன்ஜினில் இன்னொரு 4 லிட்டரை ஊற்றிவிடுவார்கள். இன்ஜினில் இரட்டிப்பு, கியர்பாக்ஸில் பற்றாக்குறை. வடிகிற ஆயில் கறுப்பாக இல்லாமல் சிவப்பாக இருந்தால் உடனே பிளக்கைத் திரும்பப் போட்டு, எவ்வளவு வடிந்ததோ அதே அளவு புது ஏடிஎஃப்-ஐ, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஊற்றிவிட வேண்டும்.