பாப்பாவுக்கு 6 மாசம் முடிஞ்சிருச்சு

நேத்து ராகிக்கூழ் ஆரம்பிச்சாச்சு. ராகிய ஊற வெச்சு அரைச்சு துணில பால் புழிஞ்சு, அடி பிடிக்காம கிண்டி, ஸ்பூன கவுத்தா சட்டுனு வழியாம மெதுவா விழுற பதத்துல எடுத்தேன், முதல் நாள் ரெண்டே ஸ்பூன், உப்பு சர்க்கரை எதுவும் போடல. அத்தை ஆசையா நாக்குல தேன் தொட்டு வைக்கலாமான்னாங்க. 1 வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது அத்தை, அதுல இருக்குற கிருமி குழந்தை குடல்ல வளந்து விஷம் உண்டாக்கிடும்னு சொன்னேன், உடனே எடுத்து உள்ள வெச்சுட்டாங்க.

ஃபீடிங் பாட்டில் வாங்கவே இல்ல. நிப்பிள் இடுக்குல பால் தங்கிடும், எவ்ளோ கழுவினாலும் மனசு ஒப்பாது. சின்ன எவர்சில்வர் கிண்ணமும் ஓரம் மழுங்கின ஸ்பூனும் போதும், கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துடலாம். வேர்க்கடலை, முழு திராட்சை மட்டும் குடுத்துடாதீங்க ப்ளீஸ், தொண்டைல அடைச்சுக்கும். தாய்ப்பாலும் தொடரணும்.

இன்னிக்கு ஸ்பூன பாத்ததும் வாய தொறந்துட்டா என் தங்கம் ❤️