கழிவுநீரேற்று நிலையத்தின் மூச்சு

சென்னையில் எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் ஒரு கழிவுநீரேற்று நிலையம் இருக்கிறது. கோடைக்கால மாலைகளில் அங்கிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்தைப் பலரும் வெறும் தொல்லையாகவே எண்ணுகிறார்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு.

காற்றோட்டமற்ற குழாய்களில் கழிவுநீர் நெடுநேரம் தேங்கும்போது, அதிலுள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்றுகின்றன. அந்நீர் நிலையத்தின் சேகரிப்புக் கிணற்றில் விழுந்து கலங்கும் இடத்தில் வாயு வெளியேறி, காற்றைவிட கனமானது என்பதால் அடியிலேயே படிந்துவிடுகிறது. பத்து லட்சத்தில் சுமார் நூறு பங்கு அளவை எட்டியதும் அது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டதென நம்பி ஒருவர் கீழே இறங்குவதுதான் இதில் மிகக் கொடிய நிலை. மீத்தேனும் சேர்ந்தால் தீ விபத்துக்கும் இடமுண்டு.

கிணற்றை மூடி, உள்காற்றை உறிஞ்சி, நுண்ணுயிர்களைக் கொண்டு வாயுவைச் சிதைக்கும் உயிரி வடிகட்டி அல்லது காஸ்டிக் சோடா கரைசல் வழியே கழுவி வெளியேற்றுவதும், நிலையான வாயு உணரிகளைப் பொருத்துவதும் நன்கறியப்பட்ட தீர்வுகளே. ஆயினும், சீரமைப்பு என்றால் புதிய மோட்டார் மட்டுமே என்ற எண்ணம் நீடிப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

சாக்கடை மரணங்களுக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. வாயு உணரியின் விலை அதில் மிகச் சிறு பகுதிதான்.