கூட்டம் ஏன் சும்மா நிற்கிறது?

1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆள் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது சுவர்த் துவாரம் வழியாக அறைக்குள் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத மாதிரி நடிக்க இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தபோது, பத்தில் ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டால், நீராவி என்று நினைத்தார்களாம்.

தெருவில் ஒருவர் சுருண்டு விழும்போதும் இதே கதைதான். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அந்த அடுத்தவரும் பதற்றத்தை வெளிக்காட்டாமல் நிற்கிறார். ‘குடிச்சிருப்பான்’ என்று முடிவாகிவிடுகிறது. ‘மனிதாபிமானம் செத்துப்போச்சு’ என்று பதிவு போடுபவர்களுக்கு ஒன்று: இதே இருவரின் இன்னொரு சோதனையில், வலிப்பு வந்தவரின் குரலைக் கேட்டும் உதவப் போகாதவர்களுக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. அது அலட்சியம் இல்லை, திகைப்பு.

அதனால் “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று பொதுவாகக் கத்திப் பயனில்லை. ‘அந்த யாராவது நான் இல்லை’ என்றே எல்லோரும் நினைப்பார்கள். கையை நீட்டி ஒருவரைக் காட்டுங்கள்: “நீலச் சட்டை சார், ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க, இங்கயே நில்லுங்க.” இன்னொருவரை வாசலுக்கு அனுப்புங்கள், வண்டிக்கு வழிகாட்ட.

விழுந்தவரைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். இங்கேதான் கூட்டம் ஏமாறும். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டுவிட்டு வாயைத் திறந்து இழுக்கும். அதைப் பார்த்து “மூச்சு இருக்குப்பா” என்று யாரோ சொல்ல, எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். அது மூச்சே இல்லை. பெரியவர்களுக்கு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்து ஆழம் குறையும். மாற்று ஆளை முன்பே பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்.

தாக்குதல் என்றால் வேறு சிக்கல்: ‘குடும்பச் சண்டை, நமக்கெதுக்கு’ என்று ஒதுங்குவார்கள். 1976-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஓர் ஆண் பெண்ணைத் தாக்குவதுபோல் நடித்தார்கள். ‘உன்னை எனக்குத் தெரியாது’ என்று அவள் கத்தியபோது 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். ‘உன்னை ஏன்தான் கட்டிக்கிட்டேனோ’ என்றபோது 19 சதவீதம்தான். அதனால் தாக்குபவர் முன்பின் தெரியாதவர் என்றால், ‘காப்பாத்துங்க’ என்பதோடு “இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது” என்றும் சேர்த்துக் கத்த வேண்டும்.